கண்ணில்லாமல் பாட்டு அடுக்குவது: ஃபோல்டரா, ஃபூபாரா, ஐட்யூன்ஸா?

போன மாதம் பள்ளத்தூரிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். சர்க்கரையால் அவருக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைப் பழகி, இப்போது பேங்க் வேலை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறார். "தம்பி, அப்பச்சி சேர்த்து வச்ச கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. மூவாயிரத்துச் சொச்சம் இருக்கு. ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு வந்து நிக்குது. எதுல போட்டு வச்சா நல்லது?" என்று கேட்டார்.

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. காரைக்குடியில் இருக்கிறேன். என் பாட்டுகளை மூன்று விதமாக அடுக்கிக் கலைத்து, மறுபடி அடுக்கியவன். நான் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர் அது. இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். விசைகள் மட்டும் மாறும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண் ஒரு பட்டியலை மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் மேய்ந்துவிடும். காது அப்படியில்லை, வரிசையில் நின்றுதான் போகும். என் பட்டியலில் காரைக்குடி சாம்பசிவ ஐயர் இருக்கிறார், காரைக்குடி மணி இருக்கிறார், காரைக்குடி சுப்பிரமணியன் இருக்கிறார். கீழ் அம்பை அழுத்துகிறேன், "காரைக்குடி". இன்னொரு முறை, "காரைக்குடி". மறுபடியும் "காரைக்குடி". ஒவ்வொரு முறையும் ஊர்ப்பெயர் முடியும்வரை காத்திருந்தால்தான் வீணையா மிருதங்கமா என்று தெரியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அந்த ஊர்ப்பெயரில் என்னிடம் இருப்பது அவர் ஒருவர்தான். ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக் கலைஞர்களை அழைப்பது நம் மரபு, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எந்த மென்பொருளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: முதலில் காதில் விழும் சொல் எது, அதை நான் மாற்ற முடியுமா? மற்ற வசதி எல்லாம் அப்புறம்தான்.

வெறும் ஃபோல்டர்

எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போதும். கலைஞர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆல்பம் அல்லது கேசட், அதற்குள் பாட்டுகள். முதல் எழுத்துகளை வேகமாகத் தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவும், எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம். திரையில் இருப்பது எழுத்து மட்டும் என்பதால் ஸ்கிரீன் ரீடர் எங்கேயும் தடுமாறாது. இந்த நிம்மதி வேறு எதிலும் கிடைக்காது. பழைய கணினியிலும் ஓடும். பென் டிரைவில் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

அண்ணனுக்கு இதை விளக்க அவர் வீட்டையே எடுத்துக்கொண்டேன். நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை, அவரவர் சாமான் அவரவர் அறையில். ஃபோல்டர் என்பது அதுதான். சாமான் ஓர் அறையில்தான் இருக்க முடியும். காரைக்குடி மணி ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு வாசித்திருந்தால் அந்தப் பதிவை எந்த அறையில் வைப்பது? பாடியவர் அறையில் வைத்தால், மணியின் வாசிப்பைக் கேட்க நினைக்கும் நாளில் கிடைக்காது. இரண்டு இடத்திலும் நகல் வைத்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழையபடி கிடக்கும். சினிமாப் பாட்டில் இது இன்னும் மோசம். இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் இருவர், படம், இத்தனைக்கும் ஒரே அறை. சிறுகூடல்பட்டிக்காரர் என்பதால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கண்ணதாசன் பாட்டு என்றுதான் தேடுவார்கள். ஃபோல்டர் படத்தின் பெயரில் இருந்தால் அந்தத் தேடல் நடக்காது.

இன்னொரு சின்ன விஷயம். எண் போடும்போது 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். எக்ஸ்ப்ளோரர் 2-க்குப் பிறகு 10-ஐச் சரியாக வைக்கும். கார் பிளேயர்களில் பல அப்படி வைக்காது, 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

முந்நூறு நானூறு பாட்டு, அதிலும் பெரும்பாலும் முழுக் கச்சேரி, முழு பிரசங்கம் என்றால் ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டியதில்லை. என் அத்தை அப்படித்தான் வைத்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை.

ஃபூபார் 2000, கூடவே எம்பி3டேக்

நான் இப்போது இருப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

பாட்டுக் கோப்புக்குள்ளேயே தலைப்பு, கலைஞர், ஆல்பம் என்று எழுதி வைக்க இடம் உண்டு. அதைத்தான் டேக் என்கிறோம். 1996-இல் வந்த முதல் வடிவத்தில் தலைப்புக்கு 30 இடம்தான், அதில் தமிழுக்கு வழியே இல்லை. பின்னால் வந்த வடிவம் யூனிகோடை, அதாவது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறையை, ஏற்கிறது. டேக் சரியாக இருந்தால் ஒரே பதிவை மணியின் பெயரிலும் எடுக்கலாம், பாடியவர் பெயரிலும் எடுக்கலாம், ராகத்தின் பெயரிலும் எடுக்கலாம். சாமான் ஓர் அறையில் இருந்தாலும் எல்லா அறைக் கணக்கிலும் அதற்கு வரவு உண்டு.

ஃபூபார் 2000 சின்ன மென்பொருள், 2002-லிருந்து இருக்கிறது, இலவசம். படம், அலங்காரம் குறைவு. பார்வையுள்ள நண்பர்கள் "பார்க்க நல்லாவே இல்லை" என்பார்கள். அந்த எளிமைதான் நமக்கு வேண்டியது. மினுக்கலான பிளேயர்கள் சில தங்கள் பட்டியலைப் படம்போலத் தாங்களே வரைந்துகொள்கின்றன, ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே படிக்க எழுத்து கிடைப்பதில்லை. ஃபூபாரில் ஆல்பம் லிஸ்ட் என்ற மரப்பட்டியல் வலது அம்பில் திறக்கும், இடது அம்பில் மூடும். தேடல் பெட்டியில் "மணி தோடி" என்று இரண்டு சொல் அடித்தால் இரண்டும் சேர்ந்து வரும் பதிவுகள் மட்டும் நிற்கும். என்விடிஏ இந்த மென்பொருளுக்கென்றே தனி விசைகள் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் ஷிஃப்ட் ஈ அழுத்தினால் ஓடிய நேரம், கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அழுத்தினால் மீதி நேரம்.

குறையும் உண்டு. பிளேலிஸ்டில் அது தானாகக் காட்டும் வரிசையில் கலைஞரும் ஆல்பமும் முன்னால், தலைப்பு பின்னால். மறுபடியும் "காரைக்குடி, காரைக்குடி". செட்டிங்கில் பிளேலிஸ்ட் வியூ என்ற பக்கத்துக்குப் போய், தலைப்பு முதலிலும் கலைஞர் அடுத்தும் வரும்படி நமக்கென்று ஒரு பத்தி எழுதிக்கொள்ளலாம். மற்றப் பத்திகளை எடுத்துவிடலாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பார்வையுள்ள ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்தால் சுலபம். ஒருமுறை செய்தால் போதும்.

டேக் எழுத எம்பி3டேக். விண்டோஸில் இதுவும் இலவசம். பட்டியல், பக்கத்தில் எழுதும் கட்டங்கள், அவ்வளவுதான். என் உயிரைக் காப்பாற்றியது இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. சில வருடம் முன்னால் ஒரு கடையில் வீட்டுக் கேசட்டுகளைக் கொடுத்து எம்பி3 ஆக்கச் சொன்னேன். வந்த டிஸ்க்கில் அத்தனையும் "டிராக் 01", "டிராக் 02". எது திருமண மேளம், எது குன்றக்குடி சொற்பொழிவு, எது ஆயா பாடிய தாலாட்டு, ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றையும் கேட்டு, எஃப்2 அழுத்திக் கோப்பின் பெயரை மட்டும் "கலைஞர் - ராகம் - இடம்" என்ற அமைப்பில் மாற்றினேன். பிறகு எல்லாவற்றையும் எம்பி3டேக்கில் தேர்ந்து ஆல்ட் 2. கோப்புப் பெயரிலிருந்து டேக்கை நிரப்பும் பெட்டி வரும். அமைப்பை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் எல்லாக் கோப்புக்கும் ஒரே மூச்சில் டேக் ஏறிவிடும். ஆல்ட் 1 அதற்கு எதிர்த்திசை, டேக்கிலிருந்து கோப்புப் பெயர். தவறிப்போனால் கன்ட்ரோல் இசட்.

நம்மூர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. இணையத்திலிருந்து வந்து கைமாறிய பாட்டுகளில் தலைப்புக்கு முன்னால் ஏதோ ஒரு தளத்தின் பெயர் ஒட்டியிருக்கும். பார்வையுள்ளவர் அதைத் தாண்டிப் பார்த்துவிடுவார். நாம் ஐந்நூறு பாட்டுக்கும் ஐந்நூறு முறை "டாட் காம்" கேட்க வேண்டும். எம்பி3டேக்கின் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் "இந்தச் சொற்களை எடுத்து, ஒன்றுமில்லாததை வை" என்று ஒருமுறை எழுதினால் மொத்தமும் போய்விடும். அன்றைக்கு என் பட்டியலை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். முதல் சொல்லே பாட்டின் பெயராக இருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு வெறுங்காலில் ஆத்தங்குடிக் கல்லில் நடந்த மாதிரி இருந்தது.

ஐட்யூன்ஸ்

ஐபோன் வைத்திருப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஸ்கிரீன் ரீடரோடு நன்றாகத்தான் பேசும். பட்டியல், தேடல், பிளேலிஸ்ட் எல்லாம் விசைப்பலகையிலேயே நடக்கும். ஒரு ஆல்பம் முழுவதற்கும் ஒரே பெட்டியில் டேக் மாற்றலாம். "வரிசைக்கு மட்டும்" என்று தனிப் பெயர் கொடுக்கவும் இடமுண்டு. காரைக்குடி மணியை "மணி" என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் குரல் படிப்பது பழைய பெயரைத்தான், "காரைக்குடி மணி". இடம் மாறுகிறது, முதல் சொல் மாறுவதில்லை. கண்ணுக்காக யோசித்த வசதி அது.

நான் விட்டதற்குக் காரணம் வேறு. பாட்டைச் சேர்க்கும்போது தன் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, கோப்புக்குத் தானே பெயர் வைத்து அடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. அதை அணைக்கலாம். அணைக்கத் தெரியாமல் நான் சேர்த்ததில் ஒவ்வொரு பாட்டும் இரண்டாகிவிட்டது. எது பழையது, எது நகல் என்று காதால் பிரிக்க ஒரு மாதம் ஆனது. ஃப்ளாக் கோப்பை அது ஏற்பதும் இல்லை. கேசட்டைத் தரம் குறையாமல் வைக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய இடி. கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் சுருக்காத கோப்பு ஏறக்குறைய 300 எம்பி வரும். ஃப்ளாக் ஒலியில் எதையும் இழக்காமல் அதைப் பெருமளவு சுருக்கும். டேக்கும் நன்றாகத் தாங்கும். இப்போது விண்டோஸில் ஆப்பிள் ஐட்யூன்ஸ் செய்துவந்த வேலையை ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவைசஸ் என்று பிரித்துவிட்டது. மேக்கில் 2019-லேயே ஐட்யூன்ஸ் என்ற பெயர் போய்விட்டது.

போனில் சந்தா கட்டிக் கேட்பது பற்றி ஒரு வரி போதும். சினிமாப் பாட்டு கேட்க அது நல்லது, நானும் கேட்கிறேன். ஆயாவின் தாலாட்டும் பழனி பாதயாத்திரையில் பதிந்த காவடிப் பாட்டும் எந்தச் சந்தாவிலும் வராது.

தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலா

மென்பொருளைவிட இந்தக் கேள்விதான் அண்ணனை அதிகம் குழப்பியது. எனக்கும் முடிவெடுக்க அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்.

ஆங்கில எழுத்தில் வைத்தால் கீபோர்டை மாற்ற வேண்டாம், எந்தப் பிளேயரும் ஏற்கும். ஆனால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பெயரைச் சொல்வதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இளையராஜாவை அவரே அடையாளம் காணமாட்டார். ஆங்கிலத்தில் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் ஒரே கலைஞர் நான்கு கலைஞராகிவிடுவார். தேடினால் நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

தமிழ் எழுத்தில் வைத்தால் தமிழ்க் குரல் சரியாகச் சொல்லும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. இடையில் ஆங்கில எழுத்து வந்தால் அதை ஆங்கிலமாகப் படிக்கவும் அதற்குத் தெரியும். ஈஸ்பீக்கின் ஒலி இயந்திரத்தனமாக இருக்கிறது என்பவர்களுக்கு விண்டோஸ் 10-இலேயே வள்ளுவர் என்ற தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். எப்போதும் தமிழ்க் குரலில் வேலை செய்யப் பிடிக்காது என்றால் என்விடிஏவில் ப்ரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஃபூபாருக்கென்று ஒரு ப்ரொஃபைல் வைத்துவிட்டால் அதற்குள் நுழைந்ததும் தமிழ்க் குரல், வெளியே வந்ததும் பழைய குரல். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாளானது. அரியக்குடி என்று தேடினால் பதினொரு பதிவு வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டேன், பன்னிரண்டாவதும் இருந்தது, குரல் அதையும் "அரியக்குடி" என்றே சொன்னது. கடைசியில் அந்தப் பெயரின் மேல் நின்று, என்விடிஏவில் ஓர் எழுத்தைப் படிக்கும் விசையான எண்பலகை 2-ஐ மூன்று முறை அழுத்தினேன். அது எழுத்தின் எண் மதிப்பைச் சொல்லும். ர என்றால் 2992. எனக்கு வந்தது 2993. வல்லின ற. அறியக்குடி என்று அடித்திருக்கிறேன். குரல் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறது, நம் பேச்சிலும் அப்படித்தானே. ந, ன சிக்கலும் இதே குடும்பம்தான். 2984, 2985. அதனால் கலைஞர் பெயரை நான் ஒவ்வொரு முறையும் அடிப்பதில்லை. ஒரு நோட்பேட் கோப்பில் சரிபார்த்த பெயர்களை வைத்திருக்கிறேன், அங்கிருந்து நகல் எடுத்து ஒட்டுவேன். திரையின் எழுத்தைத் தொட்டுப் படிக்க உதவும் பிரெயில் டிஸ்ப்ளே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, விரல் ஏமாறாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டேக் எழுதியிருந்தால் குரலுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு குரல் மோதாமல்

பாட்டும் பேச்சும் ஒரே ஸ்பீக்கரில் வருவது நம் அன்றாடப் பிரச்சினை. என்விடிஏ பேசும்போது பாட்டின் ஒலியைத் தானாகத் தணிக்கலாம், என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஷிஃப்ட் டி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆலாபனை நடுவில் யாரோ கதவைச் சாத்துவதுபோல இருக்கும். 2024-இல் வந்த ஒரு வசதி பரவாயில்லை. என்விடிஏ ஆல்ட் எஸ் அழுத்தினால் குரல் ஒரு காதிலும் மற்ற ஒலி இன்னொரு காதிலுமாகப் பிரியும். அடுக்கும் வேலைக்கு ரொம்ப உதவி. ரசித்துக் கேட்க உட்காரும்போது அணைத்துவிடுவேன்.

கேசட்டிலிருந்து எடுத்தவை மெல்லியதாகவும் சிடியிலிருந்து வந்தவை உரக்கவும் இருக்கும். ஃபூபாரில் எல்லாவற்றையும் தேர்ந்து ரீப்ளேகெய்ன் ஸ்கேன் கொடுத்தால் கேட்கும் ஒலியளவு சமமாகிவிடும். பாட்டின் ஒலித்தரவை அது தொடாது, ஒரு குறிப்பை டேக்கில் எழுதிவைக்கும், அவ்வளவுதான். ஃபோல்டர் முறையில் இந்தச் சுகம் இல்லை.

அண்ணனுக்கு என்ன சொன்னேன்

ஃபூபாரும் எம்பி3டேக்கும். ஃபோல்டரைக் கலைக்க வேண்டாம், அது அடியில் இருக்கட்டும். மூவாயிரம் பாட்டு, சினிமாவும் கச்சேரியும் கலந்தது, வெறும் ஃபோல்டரில் தேட முடியாது. அவரிடம் ஐபோன் இல்லை, ஃப்ளாக் நிறைய இருக்கிறது, ஆகவே ஐட்யூன்ஸ் வேண்டாம். இன்னொரு காரணமும் சொன்னேன். கோப்புக்குள் எழுதிய டேக் கோப்போடு போகும். மென்பொருள் தன் கணக்கில் மட்டும் வைத்திருக்கும் மதிப்பெண், கேட்ட எண்ணிக்கை எல்லாம் அந்தக் கணினியோடு போய்விடும். நாளைக்குச் சென்னையிலிருக்கும் மகள் வாங்கிக்கொண்டு போனால் டேக் அவளோடு போக வேண்டும். பிளேலிஸ்டைச் சேமிக்கும்போது எம்3யு8 என்ற வகையில் சேமியுங்கள், 8 இல்லாத பழைய வகையில் தமிழ்ப் பெயர் உடைந்துபோகலாம்.

மூவாயிரத்தையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னேன். கடையில் கிடைக்கும் பாட்டுகள் கடைசியில் இருக்கட்டும். அவற்றை யாரும் எப்போதும் பெயர் சொல்லித் திருத்திவிடலாம். வீட்டில் பதிந்தவை முதலில். அந்தக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இன்னும் இருக்கும்போதே.

ஏவி.எம். மெய்யப்பன் இதே காரைக்குடிக்காரர், கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்தில் தொடங்கியவர். 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோவே வைத்திருந்தார். அப்போதைய ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான், மேலே ஒட்டிய லேபிளில் பெயர் இருக்கும். அப்பச்சியின் கேசட்டிலும் லேபிள் இருந்தது, ஊதா மையில் அவர் கையெழுத்து. அண்ணனால் இப்போது அதைப் படிக்க முடியாது. அவர் மனைவி ஒவ்வொரு கேசட்டாக எடுத்து வாசிக்க, இவர் டேக்கில் அடிக்கிறார். நேற்று வரை நாற்பத்தொன்று முடிந்திருக்கிறது. நாற்பத்திரண்டில் லேபிளே இல்லையாம். போட்டுக் கேட்டால் பிள்ளையார் நோன்பன்று ஆச்சிமார் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. "தலைப்புல என்ன போடட்டும் தம்பி?" என்று கேட்டார். அழுவது யார் என்று பெரிய அக்காவைக் கேட்டுவிட்டு, அந்தப் பெயரை முதல் சொல்லாகப் போடச் சொன்னேன்.